காதில் விழும் எழுத்துப்பிழை

பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றை ஸ்கேன் செய்து, அதிலுள்ள எழுத்துகளைப் பிரித்தெடுக்கும்படி கணினியிடம் கொடுத்தால், அது அடிக்கடி தடுமாறும் இடம் ரகரமும் துணைக்காலும். 'ர', 'ா' இரண்டையும் பிரித்துக் காட்டுவது அடியில் சாய்ந்து இறங்கும் ஒரு சிறு கோடுதான். அச்சு தேய்ந்திருந்தாலோ தாள் பழுத்திருந்தாலோ அந்தக் கோடு கணினிக்குத் தட்டுப்படாது. 'மரம்' 'மாம்' ஆகிவிடும். 'கரம்' 'காம்' ஆகிவிடும். திரையில் அதைப் படிக்கும் நம் கண் பெரும்பாலும் அங்கே நிற்காது. படித்துப் பழகிய கண் ஒவ்வோர் எழுத்தாகப் பார்ப்பதில்லை, சொல்லை ஊகித்துக்கொண்டு ஓடிவிடும். அதே பக்கத்தைத் திரைவாசிப்பான் மென்பொருள் உரக்கப் படிக்கட்டும், 'மாம்' என்று தெளிவாகக் காதில் விழும். கேட்கிறவர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

மாணவர்களே கல்வி வளங்களை உருவாக்குவது பற்றிப் பேச, இந்த ஒற்றை எழுத்துப்பிழையைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றிச் சென்னீர்குப்பத்தில் இருந்துகொண்டு யோசிப்பதற்கும் காரணம் இருக்கிறது.

சென்னீர்குப்பம் பூந்தமல்லியை ஒட்டிய ஊர். பெங்களூர் சாலையும் ஆவடி சாலையும் புறவழிச்சாலையும் நெருங்கி வரும் இடம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளும் கலைக் கல்லூரிகளும் பல. காலை ஏழு மணிக்கு மேல் சாலையை அடைத்துக்கொண்டு போவதில் பாதி கல்லூரிப் பேருந்துகளாகத்தான் இருக்கும். இதே பூந்தமல்லியில்தான் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வைக் குறைபாடு உடையவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கேதான். ஆக, எழுதிக் குவிக்கும் மாணவர்களும், படிக்கத் தகுந்த வடிவில் புத்தகம் தேவைப்படும் மாணவர்களும் ஒரே சாலையில், ஒரே நேரத்தில் பேருந்துக்கு நிற்கிறார்கள்.

எழுதிக் குவிக்கும் மாணவர்கள் என்று சொன்னது மிகையில்லை. ஒரு பருவத்துக்கு எத்தனை அசைன்மென்ட், எத்தனை ரெக்கார்டு நோட்டு! ஆசிரியர் ஒருவர் பார்க்கிறார், மதிப்பெண் போடுகிறார், ஆண்டு முடிந்ததும் அவை எடைக்குப் போகின்றன. அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் வைலி 2013-இல் இதற்கு 'தூக்கி எறியும் பணி' என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார். மாணவர் எழுதுவதை வெறுக்கிறார், ஆசிரியர் திருத்துவதை வெறுக்கிறார், அதனால் உலகத்துக்கு ஒன்றும் சேர்வதில்லை என்பது அவர் வாதம். அதே உழைப்பை அடுத்த ஆண்டு மாணவருக்கும் பயன்படும்படி அமைத்தால் என்ன என்று கேட்டார்.

அந்த உழைப்பு போய்ச் சேரவேண்டிய இடத்துக்குத் திறந்த கல்வி வளம் என்று பெயர். யுனெஸ்கோ 2002-இல் பாரிஸில் கூட்டிய மன்றத்தில் அந்தச் சொல் பிறந்தது. இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்த வளம் ஆகிவிடாது. ஒரு பிடிஎஃப் கோப்பை யார் வேண்டுமானாலும் தரவிறக்கலாம், ஆனால் அதில் ஒரு வரியைத் திருத்தவோ, மொழிபெயர்க்கவோ, பிரெயிலாக்கி அச்சிட்டுக் கொடுக்கவோ அனுமதி இல்லையென்றால் அது பூட்டிய புத்தகம்தான். வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம், வேறொன்றோடு சேர்க்கலாம், பகிரலாம் என்ற ஐந்து உரிமைகளையும் ஆசிரியர் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுப்பதற்கான ஆயத்த உரிமங்களைத்தான் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002 டிசம்பரில் வெளியிட்டது. விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு பக்கத்திலும் அவற்றில் ஒன்றைப் பார்க்கலாம்.

தமிழில் இதற்குத் தோதான களம் ஒன்று ஏற்கனவே இருக்கிறது: விக்கிமூலம் என்ற கட்டற்ற இணைய நூலகம். தமிழ்நாடு அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கியிருப்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களின் மின்படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2010களின் நடுவில் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டது, தமிழ் விக்கித் தன்னார்வலர்கள் அவற்றை விக்கிமூலத்தில் ஏற்றினார்கள். ஆனால் ஏற்றியவை படங்கள். புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்தால் அதைக் கண்ணால் படிக்கலாம், தேட முடியாது, கணினியால் வாசிக்கவும் முடியாது. கூகுளின் எழுத்துணரி தமிழைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு அந்தப் படங்களிலிருந்து எழுத்துகள் வந்தன. பிழைகளும் சேர்ந்தே வந்தன. ரகரமும் துணைக்காலும் மாறிப்போவது அதில் ஒரு வகை. 1978-க்கு முன் அச்சான நூல்களில் இன்னொரு வகை. அந்த ஆண்டுதான் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய புத்தகங்களில் 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை தூக்கிய பழைய வடிவத்தில் இருக்கும், 'றா', 'னா' சுழித்துக்கொண்டு ஒட்டியிருக்கும். இன்றைய மாணவர் பலருக்கே அந்த எழுத்துகள் புதிது. கணினி எந்த மூலைக்கு?

இங்கேதான் மனிதக் கை தேவைப்படுகிறது. விக்கிமூலத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒருபுறம் அச்சுப் பக்கத்தின் படம், மறுபுறம் எழுத்துணரி தந்த உரை. இரண்டையும் ஒப்பிட்டு, பிழை நீக்கிச் சேமிக்க வேண்டும். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பில் இருக்கும், ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் பச்சையாக்க அதே ஆளால் முடியாது. வேறொருவர் வந்து மறுபடி ஒப்பிட்டுச் சரி என்று சொல்ல வேண்டும். இந்தச் சிறிய விதிக்குள் அறிவியலின் பெரிய பண்பு ஒன்று அடங்கியிருக்கிறது: தன் வேலைக்குத் தானே சான்று கொடுத்துக்கொள்ள இயலாது. ஆய்விதழ்களின் சக மதிப்பாய்வு பற்றி முதலாண்டு மாணவருக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்துவதைவிட, பத்துப் பக்கம் மஞ்சளாக்கச் சொல்லி, இன்னொருவர் அதில் கண்டுபிடித்த பிழைகளைக் காட்டினால் போதும்.

திருத்திய பக்கம் அடுத்து எங்கே போகிறது என்பதுதான் என்னை இன்னும் வியக்க வைக்கும் பகுதி.

பிரெயில் எழுத்து ஆறு புள்ளிகளால் ஆனது, இரண்டு நெடுவரிசை, வரிசைக்கு மூன்று. ஒவ்வொரு புள்ளியும் எழும்பியிருக்கலாம், இல்லாமலிருக்கலாம் என்பதால் மொத்தம் 64 அமைப்புகள். ஒன்று வெற்றிடம், மிச்சம் 63. தமிழுக்கோ 247 எழுத்துகள். எப்படி அடங்கும்? தொல்காப்பியர் காலத்திலிருந்து நம் இலக்கணம் சொல்லிவரும் ஓர் உண்மையே விடை: உயிர்மெய் தனி எழுத்து இல்லை, மெய்யும் உயிரும் சேர்ந்த கூட்டு. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆக 31 வடிவங்கள், ஒற்றைக் காட்ட ஒரு புள்ளிக் குறி, அவ்வளவே போதும். அச்சில் 'கொ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் நிற்கும். பிரெயிலில் அந்தச் சுற்று வழியே கிடையாது. ககரத்துக்குரிய கட்டம், அடுத்து ஒகரத்துக்குரிய கட்டம். ஒலிக்கும் வரிசையே எழுதும் வரிசை. கணினிக்குள் ஒருங்குறி தமிழைச் சேமித்து வைப்பதும் ஏறக்குறைய இதே முறையில்தான், மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. எனவே ஒருங்குறியில் பிழையில்லாமல் இருக்கும் ஒரு தமிழ்ப் பக்கத்தைப் பிரெயிலாக மாற்றுவது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. லிப்லூயி என்ற கட்டற்ற மென்பொருள் அதைச் செய்கிறது, அதில் தமிழுக்கான அட்டவணையும் உண்டு.

இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் உருவானது. அதில் 'அ' ஒற்றைப் புள்ளி, ஆங்கில ஏ போலவே. 'க', 'ம', 'ப' மூன்றும் முறையே ஆங்கில கே, எம், பி எழுத்துகளின் புள்ளிகளை எடுத்துக்கொண்டன. நம் ழகரத்துக்கு ஐந்து புள்ளிகள். மலையாளத்து ழகரத்துக்கும் அதே ஐந்து.

இந்த ஆறு புள்ளி முறையை உண்டாக்கியவர் யார்? ஒரு மாணவர். லூயி பிரெயில் மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் நடந்த விபத்தால் பார்வையிழந்தவர். பத்து வயதில் பாரிஸில் உள்ள பார்வையற்ற சிறுவர் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த புத்தகங்கள், பார்வையுள்ளவர்கள் தங்கள் எழுத்துகளையே புடைப்பாக அழுத்தித் தயாரித்தவை. எண்ணிக்கையில் குறைவு, எடையில் பாரம், விரலால் தடவிப் படிக்க வெகுநேரம் பிடிக்கும். 1821-இல் சார்ல் பார்பியே என்ற படை அதிகாரியின் பன்னிரண்டு புள்ளி முறை அந்தப் பள்ளிக்கு வந்தது. பன்னிரண்டு புள்ளிகள் ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. லூயி அதைச் சுருக்கிச் சுருக்கி, 1824-இல், பதினைந்து வயதில், ஆறு புள்ளி முறைக்கு வந்து சேர்ந்தார். 1829-இல் அதை நூலாக வெளியிட்டார். பாடப்புத்தகம் யாருக்கோ அவர்தான் அதன் வடிவத்தை முடிவு செய்யத் தகுந்தவர் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கல்வி வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மாணவரே மாணவருக்குக் கற்பிப்பது சென்னைக்கும் புதிதில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கிழக்குக் கோடியில், எழும்பூரில், 1789 முதல் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல். இங்கிருந்த திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கீழ் வகுப்புக்கு ஆசிரியராக வைத்தார். அது நன்றாகவே நடந்தது. 1797-இல் லண்டனில் பெல் அதைப் பற்றி எழுதி வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைக்குத்தான் அந்தப் புகழ்.

ஆனாலும் மாணவர்களைக் கூட்டமாக இறக்கிவிட்டால் வளம் தானாகப் பெருகிவிடும் என்று நினைப்பது பெருந்தவறு. அது என்ன ஆகும் என்பதைப் புணே காட்டிவிட்டது. 2011-இல் விக்கிமீடியா அறக்கட்டளை புணேயின் சில கல்லூரிகளில் 'இந்தியக் கல்வித் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. பாடத்தின் பகுதியாக மாணவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுத வேண்டும். நோக்கம் நல்லது. நடந்தது வேறு. புத்தகத்திலிருந்தும் இணையத்திலிருந்தும் பத்தி பத்தியாக எடுத்து ஒட்டிவிட்டார்கள். உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் அதைத் தேடித் தேடி நீக்கிக் களைத்துப்போனார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே திட்டம் நிறுத்தப்பட்டது. மாணவர்களை மட்டும் குறை சொல்வது எனக்குச் சம்மதமில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் 'புத்தகத்தில் உள்ளபடி எழுது' என்று பழக்கிவிட்டு, பதின்மூன்றாம் ஆண்டில் திடீரென்று 'சொந்தமாக எழுது, உலகம் படிக்கும்' என்றால் கை எங்கே போகும்? மேற்கோளுக்கும் நகலுக்கும் வேறுபாட்டை யாரும் உட்கார்ந்து சொல்லித் தந்திருக்கவில்லை. ஆசிரியர்களுக்கும் விக்கி புதிது.

அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாட்டில் வேறு விதமாக ஒரு முயற்சி நடந்தது. 2010 ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழ் விக்கிப்பீடியாவுக்கான கட்டுரைப் போட்டியைத் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு நடத்தியது. விரும்பியவர் மட்டுமே எழுதினர், நடுவர் பார்த்த பிறகே பக்கம் ஏறியது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவப் பள்ளி 2013 முதல் இறுதியாண்டு மாணவர்களுக்கு விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளைச் செப்பம் செய்வதை ஒரு பாடமாகவே வைத்தது. அங்கே ஆளுக்கு ஒரு கட்டுரை, கூடவே வழிகாட்டும் பேராசிரியர். சிறு குழு, தெளிந்த விதி, பக்கத்தில் ஒரு மூத்தவர். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் மாணவர் எழுத்தைப் பொதுவெளியில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெயர் வெளியிட விரும்பாத மாணவர் புனைபெயரில் எழுதவும், பொதுவில் வைக்கவே விரும்பாதவர் வேறு பணி கேட்டு வாங்கவும் வழி இருக்க வேண்டும்.

அதனால்தான் மெய்ப்பிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன். மெய்ப்பில் நகலெடுக்க ஒன்றுமில்லை, மூலம் கண் முன்னே இருக்கிறது. எழுத்து எழுத்தாக ஒரு நல்ல உரைநடையாளரைத் தொடர்ந்து போவது மாணவரின் மொழிக்கும் நல்லது. உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதிய நாள்களில் கற்றது எவ்வளவு என்பது அவருடைய தன்வரலாற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த படிதான் பூந்தமல்லிக்கே உரியது. கல்லூரி மாணவர் மஞ்சளாக்கிய பக்கத்தைப் பார்வையற்ற மாணவர் ஒருவர் திரைவாசிப்பானில் கேட்கட்டும். கண் தவறவிட்ட 'மாம்', அவர் காதுக்குத் தப்பாது. இடம் குறித்துக் கொடுத்தால், முதல் மாணவர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். இருவரும் சேர்ந்து செய்த பக்கம் ஒருவர் தனியாகச் செய்ததைவிடத் தூய்மையாக இருக்கும். இதில் பார்வையற்றவர் தானம் பெறுகிறவர் இல்லை, தரம் காக்கும் பதிப்பாளர். அந்த உழைப்புக்குரிய மதிப்பெண்ணோ மதிப்பூதியமோ அவருக்கும் சேர வேண்டும். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை 2006-இல் எழுதத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரனும், அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டேவும் பார்வையற்றவர்கள். சிறுவயதில் ஓர் இசை முகாமில் நண்பர்கள் ஆனவர்கள். இன்று தமிழ்நாட்டில் பார்வையற்ற மாணவர் பலர் கணினி கற்பது அந்த மென்பொருளில்தான்.

நாட்டுடைமை நூல்களோடு நிற்கவும் வேண்டியதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், மாற்றுத்திறனாளி ஒருவர் படிப்பதற்காக எந்த நூலையும் அவரால் அணுக முடிந்த வடிவத்துக்கு மாற்றித் தர யாருக்கும் அனுமதி அளிக்கிறது. லாப நோக்கம் கூடாது என்பதே நிபந்தனை. பார்வையற்றோருக்கான நூல்கள் குறித்த மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் நிறைவேறிய பிறகு, அதை ஏற்றுறுதி செய்த முதல் நாடு இந்தியா. 2014 ஜூனிலேயே செய்துவிட்டது. இப்படி மாற்றியவற்றை எல்லோருக்குமாகப் பொதுவில் வைக்க முடியாது, மாற்றுத்திறனாளிகளோடு மட்டும் பகிரலாம். அதற்கென்றே 2016 முதல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இயங்குகிறது.

கணினி படிக்கும் மாணவருக்கு இங்கே ஒரு தனிப் பணி காத்திருக்கிறது. தமிழில் ஏராளமான கோப்புகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. பார்த்தால் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் குவியல். திரைவாசிப்பான் அதைத் தொட்டால் பொருளற்ற ஓசைதான் வரும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளும் உள்ளன. மாற்றிய பிறகு வரும் மிச்சப் பிழைகளைக் களைய ஒரு சிறு நிரல் எழுதுவது எந்த இறுதியாண்டுப் புராஜெக்டுக்கும் குறைந்தது இல்லை.

அறிவியல் மாணவருக்கு இன்னொன்று. பாடப்புத்தகத்துப் படங்களை எந்த மென்பொருளும் முழுதாகப் படித்துச் சொல்லாது. செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றத்தைப் பார்வையற்ற ஒருவருக்கு ஐந்தே வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூலகம் எங்கே, மகரந்தத்தாள்கள் எதைச் சுற்றிக் குழாய்போல் இணைந்திருக்கின்றன, அந்தக் குழாயைத் துளைத்து வெளியே நீள்வது எது, எதை முதலில் சொன்னால் அடுத்தது விளங்கும்? படத்தைப் பார்த்து வரைந்து பாகம் குறிப்பவர், பூவைப் புரிந்துகொள்ளாமலே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். சொல்லால் விளக்க வேண்டியவர் அப்படித் தப்ப முடியாது. இதுபோன்ற விளக்கங்களைத் திறந்த உரிமத்தில் சேர்த்து வைத்தால் தமிழ்வழி படிக்கும் எல்லாப் பள்ளிக்கும் பயன்படும்.

கல்லூரிப் பாடங்களில் இப்படி நடக்காமலும் இல்லை. மும்பை ஐஐடியின் ஃபாஸ்ஸி திட்டத்தில், பொறியியல் பாடநூல்களில் தீர்த்துக் காட்டிய கணக்குகளை மாணவர்கள் சைலாப் போன்ற கட்டற்ற மென்பொருளில் நிரலாக எழுதித் தருகிறார்கள். சரிபார்த்த பின் அது எல்லோருக்கும் திறந்து வைக்கப்படுகிறது, எழுதியவருக்கு மதிப்பூதியமும் உண்டு. அதே ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் குரல் பெற்றிருக்கின்றன.

சென்னீர்குப்பத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பருவத்தில் ஒரே ஓர் அசைன்மென்ட்டை மாற்றுங்கள். மாணவர் ஒருவருக்கு விக்கிமூலத்தில் ஐந்து பக்கம் கொடுங்கள். இலக்கியம்தான் வேண்டும் என்றில்லை, நாட்டுடைமையான நூல்களில் அறிவியலும் வரலாறும் இருக்கின்றன. மதிப்பெண்ணைப் பக்க எண்ணிக்கைக்குப் போடாமல் பிழையின்மைக்குப் போடுங்கள். பூந்தமல்லிப் பள்ளித் தலைமையாசிரியரை நேரில் சந்தித்து, அவர்கள் மாணவர்களுக்கு இப்போது எந்தப் புத்தகம் தேவை என்று கேளுங்கள், அதை அவர்களே சொல்லட்டும். விக்கிமூலத்தில் கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை, கைப்பேசியிலும் வேலை செய்யலாம், திறந்ததும் சிவப்புப் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.